திருட்டு மணி பிளான்ட்

ஜூலை 6, ஞாயிறு

எங்கள் குப்பத்தில் வாசலில் எதை நட்டாலும் உப்புக்காற்று தின்றுவிடும். எதிர்வீட்டு கீதா மட்டும் கெட்டிக்காரி. அவள் வீட்டுக்குள் மணி பிளான்ட் டிவிக்கு மேலே கொடியோடுகிறது. வெயில் வேண்டாம், உரம் வேண்டாம், பாட்டிலில் தண்ணீர் இருந்தால் போதும். கேட்டால் கொடுப்பாள். ஆனால் மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தானே வளரும்?

அவள் கருவாடு திருப்பப் போன சமயம் பார்த்து நுழைந்தேன். ஒரு துண்டுதான் கிள்ள நினைத்தேன். வெளியே செருப்புச் சத்தம். பதறி இழுத்ததில் கொடி வேரோடு வந்துவிட்டது, பாட்டில் விழுந்து உடைந்தது. கொடியை மட்டும் முந்தானையில் சுருட்டிக்கொண்டு பின்பக்கமாக ஒரே ஓட்டம்.

அதே நாள், சாயங்காலம்

கீதா தன் மகள் பூவிழியை அடித்துவிட்டாள். குழந்தைதான் பந்து போட்டு உடைத்து, பயந்துபோய் செடியைக் கடலில் வீசிவிட்டதாம். விலக்கிவிடப் போனேன். "நீயே சொல்லு மோகனா, வூட்ல வேற யாரு கீறாங்க?" என்றாள் கீதா.

நான் இன்னா சொன்னேன்? "வுடு கீதா, கொயந்ததானே"ன்னேன். அப்போ நானும்தானே குழந்தைமேல் பழி போட்டேன்? சீ!

ஜூலை 9

கொடி என் சமையலறை மூலையில் புதுசாக இலை விடுகிறது. வாடித் தொலைத்தாலாவது நிம்மதி.

ஜூலை 11

பூவிழி வந்தாள். முறுக்கு கொடுத்தேன். தின்னவில்லை. "நான் ஒடைக்கல அத்தே. நீயாவது நம்பு அத்தே."

என்னால் முடியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கீதாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"செடி போவட்டும்டி. எம் பொண்ண அடிச்சேனே."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 12

கொடியை அப்படியே கொண்டுபோய் நீட்டினேன். "கையால குட்த்தா வேரு புடிக்காது. எட்த்துனு போ" என்றாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஜூலை 16

நானும் அவளும் எப்போதும் ஒரே வலையில்தான் மீன் காயப்போடுவோம். இன்று அவள் தன் வலையைத் தள்ளி விரித்தாள். பாவி நான்.

ஜூலை 20, ஞாயிறு

கையால் கொடுத்தால்தானே பிடிக்காது? கொடியைப் பாட்டிலோடு ஜன்னலில் வைத்தேன். பழவேற்காட்டுக்குக் கிளம்பும்போது, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "கதவு தெறந்துதான் கீது, வர நேரமாவும்!" என்று கூடக் கிளம்பிய என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். "பைத்தியமா புட்ச்சிருக்கு?" என்றார்.

திரும்பி வந்து பார்த்தேன். ஒரு இலைகூடக் குறையவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்றும் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனேன்.

கொடியில் பாதி இல்லை. கத்தியால் சீராக நறுக்கியிருக்கிறது. ஜன்னல் பக்கம் தரையெல்லாம் மணல். ஒரு பெரிய காலடி, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் காலடி.

இன்று வீடு பெருக்கவில்லை.