பூண்டு இருந்த பக்கம்

வியாழன், ராத்திரி

ஸ்டீரியோ கெமிஸ்ட்ரி டெஸ்ட் பேப்பர் இன்னைக்குக் கொடுத்தாங்க. மூலக்கூறு ஆர் வடிவமா, அதோட கண்ணாடிப் பிம்பமான எஸ் வடிவமான்னு கேள்வி. ஆர் வரவேண்டிய இடத்துல எல்லாம் எஸ்னு எழுதியிருக்கேன், எஸ் வரவேண்டிய இடத்துல எல்லாம் ஆர். குருட்டாம்போக்குல எழுதியிருந்தாக்கூட பாதி சரியா வந்திருக்கும்.

சொல்லிக்கொடுத்தது நசீமா. டெஸ்டுக்கு முந்தின நாள், அவ வீட்டுச் சாப்பாட்டு மேஜையில. உருளைக்கிழங்குல நாலு ஈர்க்குச்சி குத்தி, முனையில வெங்காயம், தக்காளி, மிளகாய், பூண்டுப் பல்லுன்னு செருகினா. பூண்டுதான் ஹைட்ரஜன். வெங்காயத்துல ஆரம்பிச்சு விரலைச் சுத்திக் காட்டி, "இப்படிப் போனா ஆர், அம்புட்டுத்தான்"னா. அதை அப்படியே மனசுல பதிச்சுக்கிட்டேன்.

இன்னைக்கு என் பேப்பரைப் பாத்துட்டுச் சிரிக்கிறா. "பூண்டு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு நீ பாக்கலையாடி?"

வீட்டுக்கு வந்து நானும் ஒண்ணு செஞ்சு பாத்தேன். பாக்குறவங்களுக்குப் பூண்டு உருளைக்கிழங்குக்கு அந்தப் பக்கம் இருக்கணும், அப்பத்தான் சுத்து சரியாத் தெரியும். அன்னைக்கு அது என் மூக்குக்கு நேரா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எதிர்ல இருந்த அவளுக்கு எல்லாம் சரி, எனக்கு எல்லாம் தலைகீழ். அவ பொய் சொல்லலை. அதான் எரிச்சலா வருது.

போன டெஸ்டுல அவளைவிட நான்தான் மார்க் கூட. கேட்டா, உனக்குச் சின்னப் புத்தின்னுவா.

அம்மா லைட்டை அணைக்கச் சொல்லுது.

கிளாஸ்ல, டவுன் பஸ்ல, கேன்டீன்ல, எங்கேயும் என் தோளை ஒட்டியே உட்கார்றவ. அன்னைக்கு மட்டும் ஏன் மேஜையைச் சுத்திப் போய் எதிர்ல உட்கார்ந்தா?