நண்டு கொண்டுவந்த பதில்

சேசு மரி சூசை துணை

கடலூர் முதுநகர்,
18-2-1966

அன்பு மகள் சகாயசெல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நடமாடுகிறோம். கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் அதே போல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் இங்கே இரண்டு பேருக்கும் அன்று சோறு இறங்கும். அம்மாவுக்கு வலது முழங்கால் வலி மாதா கோயில் படி ஏறும்போது மட்டும்தான் வருகிறது, மார்க்கெட்டுக்குப் போகும்போது வருவதில்லை. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? பட்டறையிலிருந்து வியர்வையோடு வெளியே வந்து பனியில் நிற்க வேண்டாம் என்று சொல். பின்கட்டு முருங்கை இந்த வருஷம் ஜாஸ்தியாகக் காய்க்கிறது, தெருவுக்கே கொடுக்கிறோம். இந்தக் கடிதத்தை முதலில் பென்சிலில் எழுதினேன், பிறகு இரண்டு தடவை மையில் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. அதனால் அங்கங்கே முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் புத்தகத்தைப் பற்றி எழுதாமல் இத்தனை நாள் இருந்தது என் தவறுதான். ‘கூழைக்கடாவின் பையில் பவழி’ இங்கே படுத்தும் பாட்டை நீ நேரில் பார்க்க வேண்டும். சிதம்பரத்தில் சிற்றம்பலம் அச்சுக்கூடத்திலிருந்து வந்த பிரதியைக் கோயில் வாசகசாலையில் வைத்தேன் அல்லவா, மூன்று வாரத்தில் அது அட்டை தனி, முதுகு தனி, பக்கங்கள் தனி ஆகிவிட்டது. நான் நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தேன், மறுபடியும் பிரித்துவிட்டார்கள். ஒரு பிள்ளை படிக்க, எட்டுப் பிள்ளைகள் அதன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் எந்தத் தையல் நிற்கும்? சோனாங்குப்பத்துச் சிறுவர்கள் மீன் கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு அதுதான் கூழைக்கடாவின் அலகுப் பை, தாங்கள்தான் அந்தக் குட்டிப்பெண் பவழி என்கிறார்கள், ஒருத்தன் கூடையோடு உப்பனாற்றில் இறங்கிவிட்டான், முழங்கால் தண்ணீர்தான், பயப்படாதே. கழிமுகத்தில் நிஜக் கூழைக்கடா ஒன்று வந்து இறங்கினால் போதும், கரை முழுக்கப் பிள்ளைகள் நின்று “பவழி எங்க, வாயத் தொற” என்று கத்துகிறார்கள். அதுவும் பாவம், எத்தனை தடவைதான் வாயைத் திறந்து காட்டும். சின்னதம்பி என்கிற மீன்காரர் புதிதாகச் செய்த படகுக்குப் பவழி என்று பேர் எழுதிவிட்டார். மாமியார் பேரை வைப்பதாகச் சொல்லி இருந்தாராம், வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி.

படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் என்னிடம் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் வாசிப்பது என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அப்போதுதான் யாகப்பன் யோசனை சொன்னான், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிற நம் யாகப்பன்தான். அவன் தம்பி கப்பலில் வேலையாயிருந்து சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். “மாமா, நீங்க கதவ சாத்திக்கிட்டு மெசினுக்கு மட்டும் படிங்க. ஊருக்குப் போட்டுக் காட்டற வேலைய நான் பாத்துக்கறேன்” என்றான். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கடிகாரத்தை எதிரில் வைத்து, ஒவ்வொரு அத்தியாயமும் எத்தனை நிமிஷம் என்று முதலில் வாய்க்குள் வாசித்துக் குறித்துக்கொண்டு, பிறகு சத்தமாக வாசித்தேன். கூழைக்கடாவுக்குத் தொண்டையைக் கட்டிக்கொண்டு பேசினேன். பவழிக்கு என்ன குரல் என்று தெரியவில்லை, கடைசியில் நீ ஏழாவது வயதில் பேசுவது போல் பேசினேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று சிரித்ததாகப் பிறகு சொன்னாள்.

டிசம்பர் முதல் ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குப் பள்ளிக்கூடக் கொட்டகையில் யாகப்பன் அந்தச் சுருளைப் போட்டான். முதல் வாரம் இருபது பிள்ளைகள், மூன்றாம் வாரம் கொட்டகைக்குள் இடம் இல்லாமல் வெளியே ஒரு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டினான். வலை பின்னுகிறவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பங்குச் சாமியார் சாயங்கால ஜெபத்தைக் கால் மணி நேரம் தள்ளி வைத்தார், அவரும் ஜன்னலோரம் நின்று கேட்டதைப் பார்த்தேன். இது எல்லாம் நீ எழுதியதற்குக் கிடைத்த மரியாதை. நான் பின் வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து என் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரோ தைரியசாலி வாசிப்பது போல் இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உன் புத்தகத்தில் இருபத்திரண்டு அத்தியாயம். நான் டேப்பில் வாசித்தது இருபத்தொன்று. பதினாலாம் அத்தியாயத்தை வாசிக்கவில்லை. புயலில் கூழைக்கடா பவழியைச் சுமந்துகொண்டு கலங்கரை விளக்கத்தின் கதவைத் தட்டுகிறதே, உள்ளே இருக்கிற விளக்குக்காரன் கதவைத் திறக்காமல், நீ யார், எந்தத் தீவு, யாருடைய கடுதாசி வைத்திருக்கிறாய் என்று ஓட்டை வழியாகக் கேட்கிறானே, கடைசியில் பக்கத்துத் தீவு அண்ணனிடம் சம்மதம் கேட்டு ஒரு நண்டின் முதுகில் சீட்டுக் கட்டி அனுப்பிவிட்டு, நண்டு திரும்பி வரட்டும் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அந்த அத்தியாயம். கண்ணாடியை மூன்று தடவை துடைக்கிறான், சீட்டைச் சிவப்பு நாடாவால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுகிறான். மெசினை ஓட விட்டு இரண்டு வரி வாசித்தேன், விசையைத் தட்டி நிறுத்தினேன். ஒரு அத்தியாயம்தானே என்று நினைத்தேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பதினைந்தாம் அத்தியாயத்தைப் பதினாலு என்று சொல்லி வாசித்தேன், அதற்கு அடுத்ததைப் பதினைந்து என்றேன், இப்படியே கடைசி வரை. கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன், ஒரு கட்டின் எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை, அம்மா.

பிள்ளைகளை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியுமா? பதின்மூன்றில் நன்றாகப் பறந்த கூழைக்கடா அடுத்த வாரம் கட்டுப் போட்ட சிறகோடு வந்தால் கேட்க மாட்டார்களா? புத்தகம் படிக்காதவர்களில் சுறா கடித்தது என்று ஒரு கட்சி, துடுப்பால் யாரோ அடித்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி, இரண்டு தெருவும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் குணசுந்தரி எழுந்தாள். சின்னதம்பியின் மகள், ஐந்தாம் வகுப்பு, நான் தைத்த புத்தகத்தைப் பிரித்தவர்களில் முதல் ஆள். “தாத்தா, புத்தகத்துல இருவத்திரெண்டு, டேப்புல இருவத்தொண்ணு. பதினாலுல வெளக்குக்காரன் வர்றான், அவன எங்க காணோம்? நீங்க முழுங்கிட்டீங்களா, மெசினு முழுங்கிடுச்சா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் மெசின் என்று சொல்லிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் பத்து வயதுப் பெண்ணிடம் பொய் சொன்னேன். அன்று முதல் யாகப்பன் தெருவில் போனால் “அத்தியாயம் தின்னி” என்று பிள்ளைகள் பின்னால் ஓடுகின்றன. அவன் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கஷ்டம். “என் மெசினு ஒரு எழுத்தக்கூட தின்னாது மாமா. நாலு தடவ கழட்டிப் பாத்துட்டேன், எங்க கோளாறுன்னு தெரியல” என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

இந்தச் சமயத்தில்தான் புத்தகம் இன்னும் பத்துப் பிரதி வாங்கச் சிதம்பரம் போனேன். சிற்றம்பலம் அச்சுக்கூடத்து வாசலில் பிள்ளைகள் வந்து இரண்டாம் பாகம் எப்போது என்று தினமும் கேட்கிறார்களாம், “உங்க பொண்ணு எழுதலன்னா நானே எழுதிடுவேன் சார், தொல்லை தாங்கல” என்றார் முதலாளி. அங்கே சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடத்துகிற விருத்தாம்பாள் டீச்சரும் வந்திருந்தார்கள், கடலூரில் டேப் போடுவதைக் கேள்விப்பட்டு அந்தச் சுருளைத் தங்கள் பள்ளிக்கும் கேட்டார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். பஸ் ஏறும் முன் அண்ணாமலை நகர் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். பல்கலைக்கழக வாசலில் பெண்பிள்ளைகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். சிறிது நேரம் நின்றேன், காவல்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், யாரும் இல்லை என்று திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, “அந்த வெளக்குக்காரன் நீங்கதான்னு கதை பத்திரிகையில தொடரா வந்தப்பவே எனக்குத் தெரியும். கண்ணாடிய மூணு தடவ தொடைக்கிற ஆளு இந்த ஊருல வேற யாரு இருக்காங்க? எழுதுனவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் ஒளிஞ்சுக்க எடம் வேணும்” என்றாள். பிறகு, “யாகப்பன் பாவம். போயி படிங்க” என்றாள்.

போன வாரம் புதன்கிழமை முற்பகல் பதினாலாம் அத்தியாயத்தை வாசித்து முடித்தேன், பதினெட்டு நிமிஷம். உன் எழுத்தில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. இடையில் ஒரு பெருமூச்சு கேட்கும், அது புயல் அல்ல, உன் அம்மா. மற்ற எண்களையும் திருத்தி வாசித்தேன், யாகப்பன் அவற்றை அந்தந்த இடத்தில் வெட்டி ஒட்டினான். போன ஞாயிற்றுக்கிழமை சுருளைப் போடும் முன் மைக்கை என் கையில் வாங்கினேன். காகிதத்தில் எழுதித்தான் வைத்திருந்தேன், ஆனால் கண்ணாடியைத் துடைக்க எடுத்தவன் அதை மறுபடி போட மறந்துவிட்டேன். மெசின் மேல் குற்றம் இல்லை, யாகப்பன் மேலும் இல்லை, அந்த அத்தியாயத்தை விட்டது நான்தான் என்றேன். ஏன் தாத்தா என்றார்கள். பயம் என்றேன். “கதைக்கா?” என்று ஒருத்தன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள், யாகப்பன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பிறகு பதினெட்டு நிமிஷமும் ஒரு பிள்ளை அசையவில்லை. முடிந்ததும் விளக்குக்காரனைத் திட்டுவார்கள் என்று தூணுக்குப் பின்னால் காத்திருந்தேன். “கெட்ட ஆளு” என்று ஒரு பையன் தொடங்கினான். குணசுந்தரி அவனை முறைத்து, “போடா, கெட்ட ஆளெல்லாம் இல்ல. லேட்டு, அவ்ளோதான்” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “தாத்தா, அந்த நண்டு இன்னா பதில் கொண்டாந்துச்சு? புத்தகத்துல அத எழுதவே இல்லியே. உங்க பொண்ணுக்குக் கடுதாசி போட்டுக் கேளுங்க” என்றாள். எல்லாப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள், நண்டு என்ன பதில், நண்டு என்ன பதில் என்று கொட்டகையே அதிர்ந்தது. கேட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் அந்தப் பதில் உனக்குத் தெரியாது, அம்மா. எனக்கு மட்டும்தான் தெரியும். ஐம்பத்தொன்றில் நீ இன்டர்மீடியட் சேருவதற்கு அண்ணாமலை நகரிலிருந்து வரவழைத்த மனு என் மேசையில் பதினோரு நாள் இருந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பெண்ணைத் தனியாக விடுதியில் விடலாமா என்று மங்கலம்பேட்டையிலிருந்த உன் பெரியப்பாவுக்கு எழுதிவிட்டு, பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசித் தேதி போய்விட்டது என்று சொன்னபோது நீ அழவில்லை. மனு எழுதிய பேனாவை மூடி என் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாய். பெரியப்பா சம்மதிக்கவில்லை போலிருக்கிறது என்று நீயாக நினைத்துக்கொண்டாய், நான் அப்படியே நினைக்க விட்டேன். அவர் இருந்த வரை நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். கார்டு வந்தது, கடைசித் தேதிக்கு மறுநாள் வந்தது. அதை யாருக்கும் காட்டாமல் கட்டி வைத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். மங்கலம்பேட்டை முத்திரைத் தேதி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நாலே வரிதான். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், இதற்கு என்னை ஏன் கேட்கிறாய், உன் இஷ்டப்படி செய், சீக்கிரம் சேர்த்துவிடு என்று எழுதியிருக்கிறார்.

நண்டு கொண்டுவந்தது இதுதான். கதவைத் திறக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இதற்குப் பிறகு விளக்குக்காரனை என்ன செய்வது என்பது நீ முடிவு செய்ய வேண்டியது, இரண்டாம் பாகத்தில் அவன் வராமலே போனாலும் எனக்கு நியாயமாகத்தான் படும். நான் கேட்பது பிள்ளைகளுக்காக. ஒரு கார்டில் இரண்டு வரி குணசுந்தரி பேருக்கு எழுது, அவள் தினமும் தபால்காரரை வழிமறிக்கிறாள்.

சுருள்களின் ஒரு நகலைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ரயில்வே கிளப்பில் மெசின் இருக்கிறது என்று மாப்பிள்ளை முன்பு எழுதியிருந்தார். வெயிலிலும் காந்தத்தின் பக்கத்திலும் வைக்கக் கூடாது என்று யாகப்பன் மூன்று தடவை சொல்லச் சொன்னான். பதினாலாம் அத்தியாயம் இரண்டாவது சுருளில் தொடக்கத்திலேயே இருக்கிறது, பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகு தனியாகக் கேள், அல்லது எல்லாரோடும் கேள், உன் இஷ்டம். மாதாவும் அந்தோணியாரும் உன் வீட்டையும் உன் எழுத்தையும் காப்பார்களாக. அம்மா தன் பங்குக்கு முத்தங்களும், மாப்பிள்ளைக்குக் கம்பளி மப்ளர் ஒன்றும் அனுப்பியிருக்கிறாள். பார்சலைப் பிரிக்கும்போது நூலை அறுக்காதே, இரட்டை முடிச்சுதான், இழுத்தால் வரும்.

உன் அன்புள்ள அப்பா,
மரியலூர்து