டாக்டரம்மா வாயிலிருந்து வந்த சத்தம்

9.6. திங்கள்

வெயில். மனிதனை உரித்து, உப்புத் தடவி, கொடியில் போட்டுவிட்டுப் போகிறது. ஆம்பூரிலிருந்து வேலூர்வரை பஸ்ஸில் நின்றே பயணம். எட்டுக் கோடிப் பேர் ஏறியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் என் கால்மேல்.

வேலை: வயிற்று ஸ்கேன். வலது விலாவுக்குக் கீழே ஒரு மாதமாக என்னவோ அழுத்துகிறது. செல்வியின் (தர்மபத்தினி, இனி செ.) தொல்லை தாங்காமல் போனேன். தனியாக.

ஸ்கேன் டாக்டரம்மா சின்னப் பெண். வயிற்றில் பசையைக் கொட்டிக் கருவியை உருட்டிக்கொண்டே, நர்ஸிடம் வாடகை வீடு தேடும் கதை. "பாகாயம் பக்கம் ஒண்ணு பாத்தேன், தண்ணி மட்டும்..." அதோடு கதை நின்றது. கருவியும் நின்றது.

"ஓ மை குட்னெஸ்."

சின்னச் சத்தம்தான். உடனே வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா டாக்டர்?"

"ஒண்ணுமில்லங்க. மூச்ச இழுத்துப் புடிங்க."

இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார். வியாழன் பெரிய ஸ்கேன். வெள்ளி பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வார். போகலாம்.

ஏன் பயப்படுகிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

நான் யார்? ஆம்பூர்த் தோல் சாம்ராஜ்யத்தின் செலெக்‌ஷன் மேஜைச் சக்கரவர்த்தி மாணிக்கம். இருபத்தெட்டு வருஷமாகத் தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பவன். மேஜையில் ஒரே சட்டம்: சரக்கு வாங்க வந்த ஆள் எதிரில் நிற்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. நல்ல தோலுக்கு 'அடடா' கிடையாது. கெட்ட தோலுக்கு 'அடப்பாவி' கிடையாது. ஓட்டை கண்ணில் பட்டால் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்குவோம். பக்கத்து ஆளுக்கு மட்டும் புரியும். சேர்ந்த புதிதில் ஒருமுறை 'ஐயோ' என்றுவிட்டேன். மொத்தச் சரக்கும் ஒரு தரம் கீழே இறங்கியது. என்னை ஆறு மாதம் உப்புக் கிடங்கில் போட்டார்கள். மேஜையில் அடைத்துவைத்த சத்தத்தைத்தான் வெளியே வந்ததும் அவிழ்த்துவிடுகிறேன். நான் அளக்கும் கதைகளில் பூனையெல்லாம் புலியாவது அதனால்தான்.

ஆக, பார்ப்பதே தொழிலாக உள்ள ஓர் ஆள் தன்னை மறந்து சத்தம் போட்டால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும்.

செ. வாசலிலேயே: "இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. கேஸ் டிரபுள்."

இரண்டு தோசை. மூன்றாவது இறங்கவில்லை.

10.6. செவ்வாய்

காலையில் லேசான மேகம். ஏமாற்று வேலை. ரப்பர் செருப்பு அறுந்தது. தோல் சக்கரவர்த்திக்கு ரப்பர் செருப்பு, யாரிடமும் சொல்லக்கூடாது.

மதியம் யமுனாவைப் பிடித்தேன். அக்கா மகள். ஷூ கம்பெனி ஆபீஸில் நாள் முழுக்க வெளிநாட்டு ஆட்களோடு வீடியோவில் பேசுகிறவள். வெள்ளைக்காரர்கள் அதிர்ச்சியில் போடும் சத்தங்களையெல்லாம் வரிசையாகச் சொல் என்றேன்.

"இன்னாத்துக்கு மாமா திடீர்னு?"

"லண்டன்ல ஒரு ஜமீன் வீட்டு விருந்து. என்னக் கூப்ட்டிருக்காங்க."

"லண்டன்ல ஏது மாமா ஜமீன்?"

"நான் போய்தான் வாங்கணும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். தரம் நான் போட்டது:

வாவ் - சந்தோஷம். அப்பழுக்கற்ற சரக்கு.
ஊப்ஸ் - டீ கொட்டினால். சின்னக் கீறல். முதல் தரத்திலேயே சேர்க்கலாம்.
ஓ டியர் - அடுத்தவர் டீ கொட்டினால். இரண்டாம் தரம்.
காஷ் - பழங்காலத்து 'அடடே'. அவள் ஆபீஸில் யாரும் சொல்வதில்லையாம். தள்ளு.
ஓ நோ - கன்டெய்னர் போவதற்குள் கப்பல் போய்விட்டால். மூன்று.
வாட் த - மீதியைச் சொல்ல மாட்டாளாம். "வேணாம் மாமா, அத்தை அடிக்கும்."

பல் குத்திக்கொண்டே சாதாரணமாகக் கேட்டேன். "இந்த ஓ மை குட்னெஸ்?"

"அதுவா? எதிர்பாக்காம பெருசா ஒண்ண பாத்துட்டா வரும். போன மாசம் ஒரு பொட்டிய அங்க பிரிச்சா எல்லாமே எடது கால் ஷூ. அந்த லேடி அப்பதான் சொன்னாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா. மொத்தமும் ரிட்டர்ன்."

மொத்தமும் ரிட்டர்ன்.

11.6. புதன்

எழுதவே வெட்கம்.

காலை பத்து மணி. வெளியூர் கம்பெனி ஆள் மேஜைக்கு எதிரில். நான் ஒரு பக்கம், ரஹீம் பாய் மறு பக்கம். இருபது வருஷத் தோஸ்த். தோல் ஒவ்வொன்றாகப் புரண்டது. நல்ல சரக்கு. நடுவில் ஒன்றில், வலது விலாவுக்கு நேராக, முள்கம்பி கிழித்து ஆறிய பெரிய தழும்பு.

கட்டை விரல் மடங்க வேண்டும். மடங்கவில்லை. வாய் திறந்தது.

"ஓ மை குட்னெஸ்."

கம்பெனி ஆள் தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே உள்ள பத்துத் தோலை விட்டுவிட்டு அடியிலிருந்து உருவிப் பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் மொத்தமும் ஒரு தரம் கீழே. முதலாளி திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருக்கலாம்.

டீக்கடை. ரஹீம் பாய்: "இன்னாய்யா ஆச்சு உனுக்கு? அதுவும் இங்கிலீஷ்ல?"

சொன்னேன். டாக்டரம்மா, சத்தம், எல்லாம்.

"செல்விக்குத் தெரியுமா?"

"கேஸுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நம்பிடுச்சா?"

"நம்பாம?"

பாய் டீயை ஒரு மடக்குக் குடித்தார். "ரொம்ப பேஜார் பண்ணிக்காத" என்றார். ஆனால் கிளாஸைப் பிடித்திருந்த கையில் கட்டை விரல் உள்ளே மடங்கியிருந்தது. அவருக்கே தெரியாமல்.

12.6. வியாழன்

அனல். பெரிய ஸ்கேன் முடிந்தது. சில்லென்ற அறை, நடுவில் பெரிய வளையம். மிஷினே பேசியது: மூச்சை இழுங்கள். பிடியுங்கள். விடுங்கள். விடு என்று சொல்ல மறந்துவிடுமோ என்று பயம்.

கண்ணாடிக்குப் பின்னால் மூன்று முகங்கள். ஒரு வாயும் அசையவில்லை. தேர்ந்த செலெக்டர்கள்.

வீட்டில் குளிக்கும்போது வாளியைப் பார்த்து எல்லாச் சத்தத்தையும் சொல்லிப் பார்த்தேன். ஊப்ஸ். ஓ டியர். ஓ நோ. சொல்லிச் சொல்லித் தேய்த்தால் பயம் போகும் என்று. போகவில்லை.

கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கம்மி என்றேன். சரியாகத்தான் இருந்திருக்கும்.

13.6. வெள்ளி

காலை ஆறரை. நான் சட்டை போடும்போது செ. பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"உங்ககூட. ஆஸ்பத்திரிக்கி."

"கேஸு மாத்திரைக்கி ரெண்டு பேரா?"

"நிறுத்துங்க." குரல் உயரவில்லை. "முப்பது வருஷமா உங்களப் பாக்கறேன். முள்ளு குத்துனா ஈட்டின்னுவீங்க. ஜொரம் வந்தா எமன் வாசல்ல செருப்ப வுட்டான்னுவீங்க. திங்கக்கெழம ஸ்கேன் எடுத்துட்டு வந்து, 'ஒண்ணுமில்ல, கேஸு'ன்றீங்க. அந்த ரூமு எப்பிடி, மிஷினு எவ்ளோ பெருசு, ஒரு வார்த்த கெடயாது. அந்த மிஷினு லாரி சைஸுன்னு சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். நாலு நாளா தூங்கல."

மேஜையில் இருபத்தெட்டு வருஷம் முகத்தை மூடத் தெரிந்தவனை இவள் வாசற்படியிலேயே தரம் பிரித்துவிட்டாள்.

பஸ்ஸில் எல்லாம் சொன்னேன். பள்ளிகொண்டா வரும்வரை என் கையை விடவில்லை.

பெரிய டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். வெகுநேரம். ஏதாவது ஒரு சத்தம் போடய்யா, ஓ டியர் என்றாவது சொல் என்று மனசுக்குள் கெஞ்சினேன். போடவில்லை. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"ஈரல்ல கட்டி இருக்கு. பெருசு. சின்ன தேங்கா அளவு."

செ. கேட்டாள், நான் கேட்கவில்லை: "கேன்சரா சார்?"

"எடுத்துப் பாத்தாதான்மா சொல்ல முடியும். ஞாயித்துக்கெழம வந்து படுத்துடட்டும். திங்கக்கெழம ஆபரேஷன்."

நான் கட்டை விரலை மடக்கியிருந்தேன். செ. அதைப் பிரித்துத் தன் விரலைக் கொடுத்தாள்.

15.6. ஞாயிறு

தூறல், மண் நனையவில்லை. எடுத்துக்கொண்டது: லுங்கி 3, டம்ளர், பிளாஸ்க், சார்ஜர், இந்த நோட்டு. ரஹீம் பாய் ஆரஞ்சு கொண்டுவந்தார். யமுனா வந்து அழுதாள், நான் அதட்டினேன், பிறகு நானும் அழுதேன். பயம். வேறொன்றும் எழுத வரவில்லை.

16.6. திங்கள்

காலை ஏழு. பச்சை அங்கி, பின்பக்கம் திறந்தபடி. கையெழுத்தாகிவிட்டது. கால் சில்லிட்டுப்போயிருக்கிறது. ஆள் வரும்வரை எழுதுகிறேன்.

செ. ஸ்டூலில். "ஏங்க. டாக்டர் எவ்ளோ பெருசுன்னாரு?"

"நீயும்தான இருந்த. தேங்கா."

"தேங்காயா?" பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. சொன்னேன்.

"அது உனுக்குச் சொன்னது. என்னத் தனியா கூப்ட்டு ஏலகிரி மலைன்னாரு."

"அவ்ளோதானா?"

"ஜவ்வாது மலையும் சேத்து. மேல படகு வுடறாங்களாம். எடுத்துட்டு வர நாலு லாரி சொல்லியிருக்கு."

கண்ணைத் துடைத்தாள். மூச்சை விட்டாள். பிறகு, யமுனா எப்போது சொல்லிக்கொடுத்தாளோ, நெஞ்சில் கை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக:

"ஓ மை குட்னெஸ்."

ஸ்ட்ரெச்சர் வருகிறது. பேனாவை செ.விடம்