டேப் ரெக்கார்டர் உலரும் வரை

இல்லை, தூக்கிப் போடவில்லை. மேஜைமேல்தான் இருக்கிறது. கேசட் கதவு திறந்தபடி. உலர்ந்துகொண்டிருக்கிறது.

அறை முழுக்க அப்பாவின் ஷேவிங் லோஷன் வாசனை. அப்பா சவரம் செய்து நாலு மணி நேரம் ஆகிறது. வாசனை டேப் ரெக்கார்டரிலிருந்து வருகிறது. இந்த வாசனையில் மற்றவர்களுக்கு ஓர் ஆணின் முகம் நினைவுக்கு வரலாம். எனக்கு உன் விரல்கள்.

இன்று விஜயதசமி. காலையில் புனர்பூஜை முடித்து அம்மா என் பேனாவை எடுத்துத் தந்தாள். மூடியில் வைத்த சந்தனம் இன்னும் உதிரவில்லை. இன்று எழுதும் முதல் எழுத்து நிலைக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. என் நம்பிக்கைகளைப் பற்றி உனக்குத் தெரியும். இருந்தாலும் முதல் எழுத்தை உனக்குத்தான் எழுதுகிறேன். கீழே தெருவில் துர்க்கையை ஆற்றில் கரைக்க லாரியில் ஏற்றுகிறார்கள். அடுத்த வருஷம் மறுபடி வருவாள் என்று வங்காளியில் கத்துகிறார்கள். மேளம். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஈரக் காற்று வந்தால் உலர நேரமாகும்.

இதை நீ சொல்லித்தான் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முந்தைய நவமி. மத்தியானம் ஒரு மணி. கிடர்பூரிலிருந்து பஸ் மாறி, பூஜைக் கூட்டத்தில் நசுங்கி, லேக் கார்டன்ஸ் வரை வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றாய். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை. அடுத்த வீட்டு மாஷிமா உன்னை வங்காளிப் பெண் என்றே நினைத்திருந்தார். வாயைத் திறந்தால் தூத்துக்குடி.

"ஏட்டி, அத்தை எங்க? ஒங்க அண்ணன் பேசுதான்."

கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்.

நீயும் நானும் ஒரே கல்லூரி. உன் அப்பா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். சிங்கப்பூரில் அண்ணனைப் பார்த்த கப்பல்காரர் ஒருவர், கல்கத்தாவில் கப்பல் நின்றதும் பட்டறையில் தமிழ் கேட்டு உன் அப்பாவிடம் வந்திருக்கிறார். கேசட்டைக் கொடுத்தார். பதில் இருந்தால் கொண்டுபோகிறேன் என்றாராம்.

அதுவரை பதினொரு மாதம். அண்ணன் எஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டுக் கப்பலில் சேர்ந்தபோது, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார் அப்பா. அவன் அப்பா பேச்சைக் கேட்டது அந்த ஒருமுறைதான். ஒரு கடிதம் கிடையாது. உயிரோடு இருக்கிறானா என்று அம்மா ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பால்கனியில் துணி உலர்த்தினாள். சில நாள் துவைக்காத துணியை.

அவன் விட்டுப்போன டேப் ரெக்கார்டர் அலமாரித் தட்டில் இருந்தது. கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும். அன்று காலை நான் வைத்தது.

அம்மா கேசட்டைப் போட்டாள். நீ பொத்தானை அழுத்தினாய்.

"அம்மா, நான்தான். நல்லா இருக்கேன். அப்பா... ப்பா... ப்..."

குரல் இழுத்தது. தடித்தது. அண்ணன் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதைப் போல. பிறகு நின்றுவிட்டது. உள்ளே ஏதோ நெரிபடும் சத்தம்.

அம்மா பொத்தானைத் திரும்ப அழுத்தப் போனாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். அம்மாவின் கையை அப்படிப் பிடித்து நிறுத்திய ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வேண்டாம் அத்தை. டேப்ப முழுங்கிருச்சு. இன்னொரு தடவ அமுக்குனா அறுத்துரும்."

உள்ளறையில் நாற்காலி நகர்ந்தது. செய்தித்தாளோடு இருந்த அப்பா கதவருகில் வந்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். அவர் காதில் விழுந்ததும் அதுவரைக்கும்தான். அப்பா என்ற சொல், நடுவில் ஒடிந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜோயார். ஆத்துல தண்ணி ஏறுனதும் கப்பல் கிளம்பிரும்," என்றாய். "நாலு மணிக்கு நான் துறைமுக வாசல்ல நிக்கணும். ஒரு ஸ்க்ரூடிரைவர் தாங்க அத்தை."

அம்மா பூஜை மூலையைப் பார்த்தாள். மணைப்பலகையில் எல்லாம் இருந்தன. ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல், அரிவாள்மனை, ஊசிப் பெட்டி, என் பேனாக்கள், பென்சில்கள், புத்தகங்கள். எங்கள் வீட்டுச் சட்டம் இது: அலமாரித் தட்டில் நிற்பதற்குப் பொட்டு மட்டும், அது வேலை செய்யலாம். பலகை ஏறியதற்கு மறுநாள் வரை ஓய்வு. தொடக் கூடாது.

"நாளைக்குக் காலம்பரதான்டி எடுக்கணும்," என்றாள் அம்மா. "இன்னைக்கு அதைத் தொட்டு, அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

நான் கொதித்தேன். அந்த வருடம் நான் படித்த எல்லாப் புத்தகமும் என் வாயில் வந்தது. இரும்புத் துண்டுக்கு ஓய்வாம், பிள்ளையின் குரலைவிட இது பெரிதா, இருபதாம் நூற்றாண்டில் இதென்ன என்று. அம்மா அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தவில்லை. சரியாகப் பேசுகிறோம் என்ற சுகம் எனக்கு.

"ஏட்டி, நீ கொஞ்சம் சும்மா கெட," என்றாய் நீ. அம்மாவிடம் திரும்பி, "ஸ்க்ரூடிரைவர் வேண்டாம் அத்தை. பலகையில இருக்கது எதுவும் வேண்டாம். கையிருக்கு" என்றாய்.

தரையில் உட்கார்ந்தாய். பழைய வேட்டித் துணியை விரித்தாய். டேப் ரெக்கார்டரின் சின்னக் கதவை முழுதும் திறக்காமல், விரல்நுனி போகும் அளவு திறந்தாய். ரப்பர் உருளையில் டேப் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. இழுக்கவில்லை. உருளையைப் பின்பக்கமாக, ஒரு பயறு நீளம், ஒரு பயறு நீளமாகத் திருப்பினாய். டேப் தளர்ந்தது. திரும்பவும். உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணுகிறாய் என்று நினைத்தேன். பிறகுதான் கேட்டது. "பைய வா, பைய வா" என்று அண்ணனின் டேப்பைக் கெஞ்சிக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்தது. கசங்கியிருந்தது, அறவில்லை. வேட்டியின் இரண்டு மடிப்புக்கு நடுவில் வைத்து நீவினாய். கேசட்டின் பல்சக்கரத்தில் பென்சில் விட்டுச் சுற்றுவோம் நாமெல்லாம். பென்சில் பலகையில். சுண்டுவிரலை விட்டாய். விரல்நுனி சிவந்து கன்றிப்போனது.

பிறகு கதவை முழுவதுமாகத் திறந்து உள்ளே பார்த்தாய். உடனே என்னைப் பார்த்தாய்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் அம்மா சொன்னது: "பொட்டு எங்கயோ வைக்காதடி. வேலை செய்யற இடத்துல வை. கத்தின்னா அலகுல, தையல் மெஷின்னா ஊசிக்குக் கீழ." அவசரமாக முடித்துவிட்டுப் புத்தகத்துக்குப் போக வேண்டும் எனக்கு. ஆனால் கேலியாகவாவது ஒழுங்காகச் செய்வேன். இந்தக் கருவி எந்த இடத்தில் வேலை செய்கிறது? கதவைத் திறந்தேன். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளைக்கு ஒரு சந்தனப் பொட்டு. டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு ஒன்று. இரண்டின் மேலும் தாராளமாகக் குங்குமம்.

நீ என் காதருகில் குனிந்தாய். "கோட்டி பிடிச்சவளே. பொட்டு வைக்கச் சொன்னா சோறா ஊட்டுன?"

சத்தமாக, அம்மாவுக்கு: "கல்கத்தா தூசி அத்தை. சீக்கிரம் எடுத்துரலாம். கொஞ்சம் பஞ்சு வேணும். சென்ட்டு மாதிரி ஏதாவது, தொட்டா காஞ்சு போறது."

அம்மா பஞ்சு கொண்டுவருவதற்குள் அப்பா வந்தார். கையில் ஷேவிங் லோஷன் புட்டி. பதினொரு மாதமாக அண்ணன் பெயரைச் சொல்லாத மனிதர். புட்டியை உன் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுல ஸ்பிரிட் இருக்கு" என்றார். திரும்பிக் கதவருகில் போய் நின்றுகொண்டார்.

பஞ்சைச் சுற்ற ஒரு குச்சி வேண்டும். துர்க்கை பந்தலிலிருந்து மாஷிமா கொண்டுவந்து கொடுத்த போக் பிரசாதம், கிச்சடி, சால இலைத் தொன்னையில் இருந்தது. தொன்னையைக் கையில் எடுத்துப் பார்த்தாய். இலையைத் தைத்திருந்த மெல்லிய குச்சி ஒன்றை உருவினாய். கிச்சடி ஒழுகாத பக்கமாகப் பார்த்து.

"இது ஆயுதம் இல்லயே அத்தை?"

அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

பஞ்சு சிவப்பாக வந்தது. அம்மா பார்ப்பதற்குள் அது உன் உள்ளங்கைக்குள் போயிற்று. அடுத்த பஞ்சு. அதுவும். இடக்கை மூடியபடி, வலக்கை துடைத்தபடி. அம்மா தண்ணீர் எடுக்கத் திரும்பிய நொடியில் எல்லாவற்றையும் இடுப்பில் செருகிக்கொண்டாய். பூஜை செய்த குங்குமமே மகனின் குரலை நிறுத்தியது என்று அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை நான் யோசித்தது மறுநாள். நீ யோசித்தது கதவைத் திறந்த அந்தக் கணத்தில்.

"ஆச்சா? போடலாமா?" என்றாள் அம்மா. "மணி ரெண்டரைடி."

"உலரட்டும் அத்தை. ஈரத்தோட ஓட்டுனா மறுபடி முழுங்கிரும்."

பத்து நிமிடம். வாயால் ஊதக்கூட விடவில்லை, எச்சில் படுமாம். நாங்கள் நாலு பேரும் ஒரு சின்னத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையின் மிக நீண்ட பத்து நிமிடம் அது என்றுதான் இந்த ஆடி வரை நினைத்திருந்தேன்.

பிறகு அழுத்தினாய். கசங்கிய இடத்தில் ஒரு கரகரப்பு. அதைத் தாண்டி அண்ணன்.

"அப்பா பக்கத்துல இருந்தா அவரையும் உக்காரச் சொல்லு. எனக்கு அவர்கிட்டதான் பேசணும்."

அப்பா உட்கார்ந்தார். தரையில், உன் பக்கத்தில். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவன் என்ன பேசினான் என்பது அவர்களுடையது. நீயும் நானும் பால்கனிக்குப் போய்விட்டோம். மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். கேசட்டின் மறுபக்கத்தில் பதிலைப் பதிந்தோம். அம்மாவுக்கு இயந்திரத்திடம் பேச வரவில்லை. ஓடுகிறதா, ஓடுகிறதா என்று கேட்டபடி இருந்தாள். "ஓடுது அத்தை. பேசுங்க," என்றாய். அது பதிவாகிவிட்டது. அழிக்க நேரமில்லை.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன், உனக்கு அந்தப் பலகை, பொட்டு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று.

"எனக்கு ஒரு மண்ணும் கெடையாது."

"அப்புறம் ஏன் என்னை அடக்கினே?"

"நீ ஜெயிச்சிருந்தா, அத்தை அந்த டேப்ப நிம்மதியாக் கேட்டிருப்பாங்களாட்டி?"

பஸ் வந்துவிட்டது. கண்டக்டரிடம் சுத்தமான வங்காளியில் சண்டை போட்டுக்கொண்டே ஏறினாய். மூன்று ஐம்பதுக்குத் துறைமுக வாசலில் நின்றிருக்கிறாய்.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் படி ஏறினான்.

நீ எம்.எஸ்ஸி. முடித்து, ஹவுராவில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தாய். படகில் ஆற்றைக் கடந்து போவாய். நான் எழுத ஆரம்பித்தேன். என் முதல் கதையைப் படித்துவிட்டு, "எல்லாரையும் தோக்கடிச்சிருக்கியே. ஒருத்தருக்கும் உக்கார எடமில்ல," என்றாய். இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. பிறகு கதையைத் திருத்தினேன். இந்த ஆடியில் மஞ்சள் காமாலை. பதினொரு நாள். கடைசி நாள் நான் வந்தபோது உன் நகங்கூட மஞ்சளாக இருந்தது. அதற்குமேல் எழுத வரவில்லை.

போன வாரம் அண்ணனிடமிருந்து பார்சல். அந்தக் கேசட். இத்தனை கப்பல் மாறியும் வைத்திருந்திருக்கிறான். ஒரு வரிதான் எழுதியிருந்தான்: 'இதில் அவள் குரல் இருக்கிறது, உன்னிடம் இருக்கட்டும்.'

நேற்று நவமி. டேப் ரெக்கார்டருக்குப் பொட்டு வைக்கப் போனேன். சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள்: "கைப்பிடியோட நிறுத்திக்கோ. உள்ள வெச்சா எடுத்துவிட இப்ப அவ இல்ல."

நான் திரும்பினேன்.

"எனக்குத் தெரியாதாடி? வெள்ளைப் புடவை. இடுப்புல சிவப்பா ஊறியிருந்துது. என் வீட்டுக் குங்குமம் எனக்குத் தெரியாதா?" அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தூசின்னு சொன்னா. சரி, தூசின்னே இருக்கட்டும்னு விட்டேன்."

நீ மறைத்தாய். அம்மா அது தெரிந்ததை மறைத்தாள். ஏழு வருடம். நடுவில் நான் ஒருத்திதான் நிறையப் பேசியவள்.

மாலையில் கேசட்டைப் போட்டேன். மறுபக்கம். "ஓ... ஓ..." அவ்வளவுதான். இழுத்தது, நின்றது. உன் குரல் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு சத்தம். கை பொத்தானுக்குப் போயிற்று. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. நானே பிடித்துக்கொண்டேன்.

இன்று பலகை இறங்கிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் எடுக்கலாம், பென்சிலும் எடுக்கலாம். எடுக்கவில்லை. நேற்றைய போக் வந்த தொன்னையிலிருந்து ஒரு குச்சியை உருவினேன். அப்பாவிடம் லோஷன் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தார். உருளையைப் பின்பக்கமாகத் திருப்பினேன், ஒரு பயறு நீளம். உன் அளவுக்குப் பொறுமை வரவில்லை. ஆனால் அறவில்லை. பஞ்சில் சிவப்பு இல்லை. ஏழு வருடக் கறுப்பு.

உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான். கன்றிய சுண்டுவிரல். சொல்லும் முன் ஒருமுறை மூடிக்கொள்ளும் இடக்கை. எதை எழுதி முடித்தாலும், அனுப்பும் முன், உலரட்டும் என்று உன் குரலில் ஒரு சொல்.

தொட்டுப் பார்த்தேன். உலர்ந்துவிட்டது.

கதவை மூடினேன். கேசட் மறுபக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். பிறகு அப்பாவையும் உட்காரச் சொன்னேன்.