ஜிப் மூடிய பை

மார்ச் 4, செவ்வாய்

இருபத்தெட்டு விடைத்தாள். பாதிப்பேர் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தையும் அரசியல் சாசனத்தையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோரா பிக்ஸ்பி மட்டும் நான்காம் திருத்தத்தைப் பிசகில்லாமல் எழுதியிருக்கிறாள்: தக்க காரணமின்றி யார் உடைமையையும் சோதிக்கக்கூடாது. ஒரு மாணவியின் கைப்பையைப் பள்ளி சோதித்த நியூ ஜெர்சி வழக்கும் சரி. பள்ளிக்கூடம் பையைத் திறக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளை மேலேயே நியாயமான சந்தேகம் இருக்கவேண்டும். பக்கத்தில் ஒரு குட்டிக் கைப்பையும் வரைந்திருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

பெண்கள் கழிவறையில் மின்சிகரெட் வாடையாம். துணை முதல்வர் டட்டில் கோராவைப் பிடித்துவந்தார். பெண் சாட்சி வேண்டும். எனக்கு வகுப்பில்லாத நேரம், கூப்பிட்டார், போனேன்.

"பன்னெண்டு பேரு போயிட்டு வந்தோம் சார். என்னை மட்டும் ஏன்?"

"உங்க அண்ணன் லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் காரணமாகாது. மிஸ் பாடம் எடுத்தாங்க. நீங்களே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

டட்டில் சிரித்தார். "அந்த வழக்குல பொண்ணு தோத்துட்டாம்மா. அதையும் மிஸ் சொல்லித்தந்தாங்களா?"

தோற்றாள், உண்மைதான். ஆனால் அவள் புகைத்ததை ஓர் ஆசிரியை கண்ணால் பார்த்திருந்தார். கோராவை யார் பார்த்தார்கள்? இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பையை மேஜையில் கவிழ்த்தார். சீப்பு, நாப்கின், சிறையிலிருந்து அவள் அம்மா எழுதிய கடிதம். அதையும் பிரித்துப் படித்தார், மனுஷன்! மின்சிகரெட் இல்லை. காகிதத்தில் மடித்த இரண்டு வயிற்றுவலி மாத்திரை. 'அனுமதியில்லாத மருந்து' என்று எழுதினார். பள்ளிக் குழு விசாரிக்கும். குற்றம் பதிவேட்டில் ஏறினால் அவளுடைய நர்சிங் உதவித்தொகை போச்சு.

பிறகு படிவத்தை நீட்டினார். 'சோதனைக்குத் தக்க காரணம் இருந்தது.' சாட்சி கையொப்பம்.

போட்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 7, வெள்ளி

கோரா வகுப்புக்குள் வந்ததும் நேரே என் மேஜைக்கு வந்து பையைத் தலைகீழாகக் கொட்டினாள்.

"பாத்துக்கங்க மிஸ். அப்புறம் காரணம் இருந்துச்சுன்னு எழுதிக்கலாம்."

வகுப்பே சிரித்தது. சீப்பு உருண்டு கீழே விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்துக்கொடுத்தேன்.

மார்ச் 12, புதன்

இன்றும் கொட்டினாள்.

மார்ச் 19, புதன்

டட்டில் ஆசிரியர் அறைக்கு டோனட் வாங்கிவந்தார். "நீங்க தங்கமானவங்க லோயிஸ், வம்புதும்புக்குப் போகமாட்டீங்க." மேப்பிள் பாகு தடவியதாகப் பார்த்து என் கையிலேயே தந்தார். தின்றேன். ஏன் தின்றேன்?

மார்ச் 25, செவ்வாய்

கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று முதல்வரிடம் சொன்னேன்.

"ரிட்டையராக ரெண்டு வருஷந்தான் இருக்கு. உங்களுக்கெதுக்கு லோயிஸ் இந்தத் தலைவலி?"

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நூலகத்தில் விசாரணை. குழுவினர் ஐந்து பேர். கோராவும் அவள் சித்தியும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் எதுவும் இல்லை, அண்ணன் பேரைச் சொல்லித்தான் பையைத் திறந்தார் என்றேன். கடிதத்தைப் படித்ததையும் சொன்னேன்.

டட்டில் எழுந்தார். "அப்ப அன்னிக்கே ஏன் வாயத் திறக்கல?"

"பயம். வேற என்ன?"

"கையெழுத்து?"

"அதுவும் பயந்தான். பொய்க் கையெழுத்து."

பின்வரிசையில் யாரோ 'த்சு' கொட்டினார்கள். கொட்டட்டும். மூன்றுக்கு இரண்டு. பதிவேட்டில் ஏற்றக்கூடாது என்று தீர்ப்பு. கோரா என் பக்கம் திரும்பவே இல்லை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

அதற்குள் முதல்வரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு எனக்கு உணவுக்கூட மேற்பார்வை. அரசியல் பாடம் டட்டிலுக்கு. சாசனத்தை இனி அவர் சொல்லித்தருவாராம். தூ!

மூன்றாம் பீரியட். பழக்கதோஷம், மேஜையிலிருந்த புத்தகங்களை ஓரமாக நகர்த்தி, கோரா பையைக் கொட்ட இடம் விட்டு வைத்திருந்தேன்.

வந்தாள். மேஜை முன்னால் ஒரு கணம் நின்றாள். பை தோளிலேயே இருந்தது, ஜிப் கடைசிவரை இழுத்து மூடி.

"குட் மார்னிங் மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.