வத்தல்மலை என்று சொன்னதற்கு

கூடத்து டிவியில் தொடர் ஓடுகிறது. அதில் ஒரு மலைக்கிராமத்துப் பெண். இடுப்பில் தழை, கழுத்தில் எலும்பு மாலை, பேச்சுக்குப் பதில் கூச்சல். அவள் வரும்போது அடிக்கும் கொட்டுச் சத்தம் கேட்டதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை.

உங்கள் மலையில் எவள் தழை கட்டினாள்? கான்வென்ட் விடுதிக்கு நீ வந்த அன்று உன் பாவாடை கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. என்னுடையதுதான் கசங்கியிருந்தது.

ஞாயிறன்று உன் பேத்தி வந்தாள். தருமபுரி மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. வாடகைக்கு எங்கள் மாடி அறையைப் பார்க்க நான்தான் வரச் சொன்னேன். மருமகள் காபி கொடுத்து நன்றாகத்தான் பேசினாள். சொந்த ஊர் எதுவென்று கேட்டாள். வத்தல்மலை என்றதும் எழுந்து உள்ளே போய் என்னைக் கூப்பிட்டாள்.

"மலைக்காரங்க செய்வினை வெச்சிருவாங்க அத்தை. டிவியில தெனம் பாக்கறமில்ல. கொழந்த இருக்கற வூடுங்க."

மாடியில் நின்றால் தெரியும் அந்த மலைக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை. அவள் அறிந்த மலைக்காரர்கள் எல்லாம் பெட்டிக்குள் இருப்பவர்கள்தான்.

உன் பேத்தி காதில் எல்லாம் விழுந்தது. தம்ளரைக் கீழே வைத்தாள். "பரவால்லங்க ஆயா, ஹாஸ்டல்ல பாத்துக்கறேன்" என்று போய்விட்டாள். நான் தடுத்தும் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் என் பெயரில் எழுதிவைத்த வீடு இது என்று மருமகளிடம் கத்தினேன். அவள் அசரவில்லை. "நீங்களுந்தான அத்தை எங்ககூட உக்காந்து பாக்கறீங்க?"

அப்போதுதான் நம் நாடகம் நினைவுக்கு வந்தது. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் சிஸ்டர் எனக்கு ராணி வேடம் தந்தார். உன்னைக் கேட்காமலே காட்டுக்காரி ஆக்கினார். உன் முகத்தில் கரி பூசியவள் நான். "எங்க ஊர்ல யாரும் இப்பிடி இருக்க மாட்டாங்கடி" என்றாய். நாடகம்தானே, ஆடாமல் நில் என்றேன். அரங்கமே சிரித்தது. மறுநாளிலிருந்து சின்னப் பிள்ளைகள்கூட சாப்பாட்டு அறையில் உன்னைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் எதுவென்று யார் கேட்டாலும் தருமபுரி என்றே சொன்னாய். வேலைக்குப் போன இடத்திலும், சாகும்வரையிலும். டவுன் மோகம் என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

ஊர் எதுவென்று கேட்டவுடன் உன் பேத்தி தலை நிமிர்ந்து மலையின் பெயரைச் சொன்னாள். அதற்காகத்தான் அறை கைவிட்டுப் போயிற்று. இனி வேறொரு வீட்டு வாசலில் நிற்கும்போது என்ன பதில் சொல்வாளோ. அந்தப் பயம்தான் என்னோடு இருக்கிறது.