செங்கமலம் போட்ட ஜப்தி

மார்ச் 4
பதிவு நடக்கவில்லை. வங்கி ஏலத்தில் எடுத்த வீடு. பணம் முழுக்கக் கட்டி, விற்பனைச் சான்றிதழும் கையில் இருக்கிறது. சார்பதிவாளர் வில்லங்கத்தைப் பார்த்துவிட்டுத் தாள்களைத் தள்ளி வைத்தார். "கோர்ட் ஜப்தி ஏறியிருக்குதுங்கம்மா. அதை நீக்கிட்டு வாங்க." கடன் கட்டாமல் வீட்டை இழந்த சாயப்பட்டறை முதலாளிமேல் யாரோ செங்கமலம் போட்ட வழக்காம்.

மார்ச் 5
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு இவர் இந்த வாடகை வீட்டு மாடிப்படியை உட்கார்ந்து நகர்ந்துதான் இறங்குகிறார். தரைவீடு என்றுதானே நகையெல்லாம் விற்று எடுத்தேன்?

மார்ச் 12
சொல்லிவிட்டேன். விற்பனைச் சான்றிதழை வாங்கி வரி வரியாகப் படித்தார்.
வங்கி அடமானம் முந்தியது, ஜப்தி பிந்தியது, முந்தியதுதான் நிற்கும் என்கிறார் வக்கீல் கந்தவேள். மதுரை உயர் நீதிமன்றத்தில் மனு போடுகிறோம். செங்கமலத்துக்கும் நோட்டீஸ் போகுமாம்.

ஏப்ரல் 2
நோட்டீஸோடு செங்கமலமே வந்துவிட்டாள். சண்டைக்கு என்று நினைத்தேன். பட்டறையில் பாய்லர் வெடித்துப் புருஷன் செத்தானாம். இழப்பீட்டுக்கு ஒன்பது வருஷம் நடந்திருக்கிறாள்.
"ஜெயிச்சேனுங்கக்கா. ஜெயிச்சதுக்கு எனக்குக் கெடச்சது இந்த வீட்டு மேல ஒரு ஜப்தி. அதையும் எடுத்துருவீங்களா?"
தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஏப்ரல் 3
விட்டுடலாமா? விட்டுட்டு இவரை எங்க கூட்டிட்டுப் போறது? வங்கி பணத்தைத் திருப்பியா குடுக்கப் போகுது? — நான் என்ன தப்புப் பண்ணேன்?

ஏப்ரல் 8
இவர்தான் கேட்டார்: "ஏலத்துல கடனுக்கு மேல வந்த பணம் யாருக்குப் போகும்?"
வக்கீலிடம் ஓடினேன். யாரும் கேட்காவிட்டால் முதலாளிக்கே போகுமாம். அதைக் கேட்டு முதலாளி வங்கியில் மனுவும் கொடுத்துவிட்டாராம்.

ஏப்ரல் 9
செங்கமலம் வீட்டுக்குப் போனேன். அந்தப் பணத்தைக் கேட்டு அவள் வழக்கு நடந்த கரூர் கோர்ட்டில் உடனே மனு போடச் சொன்னேன்.
"இதுல உங்களுக்கு என்னங்க ஆதாயம்?" என்றாள். நாளை வக்கீலிடம் கூட்டிப்போகிறேன்.

ஏப்ரல் 24
கரூர் கோர்ட் தடை போட்டுவிட்டது. மிச்சப் பணம் முதலாளிக்குப் போகாது.

ஜூன் 19
மதுரைத் தீர்ப்பு வந்தது. ஜப்தியைக் காரணம் காட்டிப் பதிவை மறுக்கக் கூடாதாம். செங்கமலத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஜூலை 1
பதிவாயிற்று. அதே சார்பதிவாளர்தான். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஜூலை 6
பால் காய்ச்சினோம். செங்கமலத்தைக் கூப்பிட்டிருந்தேன், வரவில்லை. சாயங்காலம் போன் செய்தாள். முதலாளி அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, சமாதானமாகப் போகலாம் என்றாராம்.
"நீ என்ன சொன்ன?"
"கோர்ட்ல பேசிக்கலாம்னுட்டேன்." பிறகு சொன்னாள்: "ஒன்பது வருசத்துல இன்னிக்குத்தானுங்கக்கா அந்தாளு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்."